மலைத் தோட்டத்துக்கு 15 ஹெச்பியா, 24-ஆ, 28-ஆ? தாண்டிக்குடி ரோட்டில் ஆறரை ஏக்கர்

பெரும்பாறை_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். சித்தரேவிலிருந்து தாண்டிக்குடி போகிற ரோட்டில், பெரும்பாறை தாண்டிக் கொஞ்சம் மேலே எங்களுக்கு ஆறரை ஏக்கர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1100 மீட்டர் வரும். பதினோரு வருடம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊருக்கே வந்துவிட்டேன், இனி இங்கேதான்.

இரண்டரை ஏக்கர் சில்வர் ஓக் நிழலில் அரபிகா காபி, மரத்தில் மிளகு ஏற்றியிருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் மலைவாழை. மீதி இரண்டரை ஏக்கர் தாத்தா காலத்தில் கல்கட்டு கட்டி அடுக்கடுக்காக எடுத்த நிலம், அதில் பீன்ஸும் சவ்சவ்வும் போடுகிறோம். ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மண் பாதை, முந்நூறு மீட்டர் இருக்கும், நடுவில் ஒரு இடம் நல்ல ஏற்றம். வாழைத்தாரும் காபி மூட்டையும் அந்தப் பாதையில் இப்போது தலைச்சுமையாகவோ குதிரையிலோதான் வருகிறது. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அப்பாவுக்கு அவர்கள் பின்னால் அலைய உடம்பில் தெம்பு இல்லை.

அதனால் சின்ன டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்து விசாரித்தேன். ஒரு டீலர் 15 ஹெச்பி டூவீல் டிரைவ் போதும், மலைக்குச் சின்ன வண்டிதான் சரி, விலையும் குறைவு என்கிறார். இன்னொருவர் மலை ஏற்றத்துக்கு 28 ஹெச்பி ஃபோர்வீல் டிரைவுக்குக் கீழே வாங்கினால் ஆறு மாதத்தில் வருத்தப்படுவீர்கள் என்கிறார். நடுவில் 21, 24 ஹெச்பி ஃபோர்வீல் வண்டிகள் இருக்கின்றன. கையில் இருப்பது ஆறு லட்சம், அதற்கு மேல் என்றால் கடன்தான். 28-க்குப் போனால் எனக்குச் சொன்ன விலைப்படி இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வேண்டும்.

மலையில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். எந்த அளவு சரியாக இருக்கும்?

கோத்தகிரி_கேரட்

தம்பி, ஹெச்பியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டேப்பை எடுங்கள். உங்கள் பாதையில் ரொம்பக் குறுகலான இடம் எத்தனை அடி, அடுக்குகளில் ரொம்பக் குறுகலான அடுக்கு எத்தனை அடி அகலம், ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு ஏற வழி இருக்கிறதா, அந்த வழியில் திரும்ப இடம் இருக்கிறதா. இந்த நாலும் தெரியாமல் யாராலும் உங்களுக்கு வண்டி சொல்ல முடியாது, டீலராலும் முடியாது.

நான் எட்டு வருடமாக 21 ஹெச்பி ஃபோர்வீல் குறுகல் வண்டி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பவர் டில்லர். எங்கள் பக்கம் அடுக்குகள் எல்லாம் பன்னிரண்டு, பதினான்கு அடிதான். பெரிய வண்டி எடுத்த பக்கத்துத் தோட்டக்காரர் அடுக்கின் இரண்டு முனையிலும் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துப் பாதி நேரத்தை அதிலேயே செலவழிக்கிறார், முனையில் ஆறேழு அடி உழாமலே கிடக்கிறது, அதைக் கடைசியில் மண்வெட்டியால் கொத்துகிறார்கள்.

இன்னொன்று ரொம்ப முக்கியம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அடுக்கு நிலம் எப்படி உண்டாகிறது என்று யோசித்துப் பாருங்கள். மேல் பாதியை வெட்டி அந்த மண்ணைக் கீழ் பாதியில் நிரப்பி, அதைத் தாங்கக் கல்கட்டு வைக்கிறார்கள். அதாவது உள்பக்கம் இருப்பது அசல் தரை, வெளிப்பக்கம் கல்கட்டை ஒட்டி இருப்பது கொட்டி நிரப்பிய மண். தாத்தா கட்டியது என்கிறீர்கள், அறுபது எழுபது வருடமாக மனிதன் நடந்ததையும் மாடு நடந்ததையும் தாங்கிய கட்டு அது. அதன் ஓரத்தில் ஒரு டன் எடையுள்ள வண்டி போனால், அதுவும் ஐப்பசி மழையில் ஊறியிருக்கும்போது போனால், கல் வெளியே பிதுங்கும். எனக்கு இரண்டு இடத்தில் பிதுங்கியது. அதிலிருந்து வெளி ஓரத்தில் மூன்று அடி விட்டுத்தான் ஓட்டுகிறேன், அந்த மூன்று அடியில் அகத்தியும் தீவனப்புல்லும் இருக்கிறது. கல்கட்டையும் அதன் வேர் பிடித்துக்கொள்கிறது.

அதனால் எடை குறைந்த, அகலம் குறைந்த ஃபோர்வீல். குபோட்டாவில் ஏ211என் 21 ஹெச்பி, பி2441 24 ஹெச்பி, மஹிந்திராவில் ஜீவோ 245 24 ஹெச்பி, இந்த வரிசையில் பாருங்கள். ஜீவோவில் திராட்சைத் தோட்டத்துக்கென்றே குறுகலாகச் செய்தது ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் போட்டிருக்கும் அகலத்தை நம்பாதீர்கள், சக்கரத்தை எந்த அளவில் மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஷோரூமில் டயரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை நீங்களே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்வராயன்_காபி

மேலே அண்ணன் சொன்னது காய்கறி நிலத்துக்குச் சரி. எடுத்த எடுப்பிலேயே 28 வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஏற்காட்டில் எனக்கு 28 ஹெச்பி ஃபோர்வீல் இருக்கிறது, ஐந்து வருடம் ஆகிறது. எனக்கு முக்கால்வாசி வேலை டிரெய்லர்தான். செர்ரி (காபிப் பழம்) மூட்டை, எரு, கல், தண்ணீர் டேங்க், வெட்டிய சில்வர் ஓக் மரம். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு எடை வேண்டும். எடை இல்லாத வண்டியில் எவ்வளவு ஹெச்பி இருந்தாலும் டயர் சுழலுமே தவிர வண்டி நகராது. இறக்கத்தில் இன்னும் மோசம், பின்னால் இருக்கிற சரக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். எனக்குப் பாதை எட்டு அடி, திரும்ப நல்ல இடம் இருக்கிறது, அதனால் 28 சரியாக அமைந்தது.

ஆனால் ஒன்று, காபிக்குள் போகலாம் என்ற எண்ணத்தில் நீங்கள் டிராக்டர் வாங்குவதாக இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அரபிகா பொதுவாக ஆறடிக்கு ஆறடி, இல்லை ஏழுக்கு ஏழு. செடி விரிந்தபிறகு நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பிப் போகிற இடம்தான் மிச்சம் இருக்கும். 15 ஹெச்பியும் போகாது, 28-ம் போகாது. காபியின் வேர் மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது, அங்கே ரொட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கத்திக் கருவி) விடவும் கூடாது. அந்த இரண்டரை ஏக்கரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அப்புறம் மிச்சம் நாலு ஏக்கர். வாழை எந்தச் சரிவில் இருக்கிறது என்று சொல்லவில்லையே? அதுவும் அடுக்காக இல்லாமல் சரிவாகவே இருந்தால் உழவுக்கு அதையும் கழிக்க வேண்டியதுதான். அப்படியென்றால் நீங்கள் டிராக்டர் வாங்குவது இரண்டரை ஏக்கர் அடுக்குக்கும் முந்நூறு மீட்டர் பாதைக்கும்தான். இதை வைத்து யோசியுங்கள்.

பட்டறைக்காரன்_வத்தலக்குண்டு

நான் டிராக்டர் மெக்கானிக், இருபத்திரண்டு வருடம். கீழ்மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

15 ஹெச்பி டூவீல் வண்டி, ஸ்வராஜ் 717 மாதிரி ஒற்றை சிலிண்டர் வண்டிகள், தரையில் அருமையான வண்டி. டீசல் குடிக்காது, ரிப்பேர் சுலபம். தென்னந்தோப்புக்கு, சமவெளியில் காய்கறித் தோட்டத்துக்கு அதையே நான் சொல்வேன். உங்கள் பாதைக்கு அது வேண்டாம். ஏறாது என்பதற்காக இல்லை, சுமை குறைவாக இருந்தால் ஏறிவிடும். இறங்கும்போதுதான் ஆபத்து.

டிராக்டரில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. காரில் இருக்கிற மாதிரி நாலு சக்கரத்திலும் இல்லை. இறக்கத்தில் வண்டியின் எடை முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரம் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, ஈர மண்ணில் பலகை மாதிரி வழுக்கிக்கொண்டே போகும். ஃபோர்வீல் லீவரைப் போட்டிருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே ஷாஃப்டில் கட்டுப்பட்டிருக்கும், அதனால் பிரேக்கும் எஞ்சினின் பிடிப்பும் நாலு சக்கரத்துக்கும் போகும். நிறையப் பேர் ஏறும்போது ஃபோர்வீல் போட்டுவிட்டு, இறங்கும்போது எதற்கு வீணாக என்று எடுத்துவிடுகிறார்கள். இறங்கும்போதுதான் அது கட்டாயம் வேண்டும். தார் ரோட்டில் சமமாகப் போகும்போது எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டயரும் முன் கியரும் தேயும்.

ஹெச்பி விஷயம். எஞ்சினில் 24 என்று எழுதியிருந்தால் பிடிஓவில் (ரொட்டவேட்டர் மாதிரிக் கருவிகளைச் சுழற்றுகிற பின்பக்கத் தண்டு) அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதோடு உயரம். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், காற்று லேசாக இருப்பதால். உங்கள் 1100 மீட்டரில் பத்து, பதினொரு சதவீதம் போய்விடும். 24 ஹெச்பி அங்கே 21 மாதிரி வேலை செய்யும், 15 ஹெச்பி பதிமூன்றரை மாதிரி வேலை செய்யும். அதனால்தான் கீழே டெமோ ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே கொண்டுபோய் இழுவை இல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். வண்டியின் மேல் தப்பு இல்லை. டெமோவை உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள், காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

21-க்கும் 24-க்கும் நடுவில்: குபோட்டா ஏ211என் மூன்று சிலிண்டர், 1001 சிசி. ஜீவோ 245 இரண்டு சிலிண்டர், 1366 சிசி. மூன்று சிலிண்டரில் அதிர்வு குறைவு, நாள் முழுக்க உட்கார்ந்தால் இடுப்புக்குத் தெரியும். சிசி கூடிய வண்டி குறைந்த ஆர்பிஎம்மிலேயே தம் கட்டி இழுக்கும், டிரெய்லர் ஏற்றத்தில் அது உதவும். இரண்டும் நல்ல வண்டி. நான் இரண்டுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனியின் உதிரி உங்களுக்கு ஒரே நாளில் கிடைக்கும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள், பீன்ஸ் நேரத்தில் ஒரு வாரம் வண்டி நின்றால் அந்தப் பட்டமே போய்விடும்.

ரோல்பார் (ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு) இருக்கிற வண்டியாக வாங்குங்கள், அல்லது கம்பெனியே கொடுக்கிற ரோல்பாரை மாட்டிக் கேளுங்கள். பட்டறையில் பைப்பை வளைத்து வெல்ட் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள், என்னிடம் வந்து கேட்டாலும் செய்து தர மாட்டேன், வண்டி புரண்டால் அது தாங்காது. ரோல்பார் இருந்தால் பெல்ட் போட வேண்டும். ரோல்பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.

இன்னும் ஒன்று, டீசல் டேங்கைக் கால் பங்குக்குக் கீழே விடாதீர்கள். சரிவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், குழாயில் காற்று ஏறும், ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுபோகும். நின்றுபோனால் பின்னால் உருளும்.

சிறுமலை_வாழை

தம்பி, நான் ஒரு டிராக்டரை வாங்கி விற்றவள். எதற்கு விற்றேன் என்று சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது சின்ன டூவீல் வண்டி. மலைக்கு இது போதும் என்று விற்றவர் சொன்னார், நாங்களும் விலையைப் பார்த்து வாங்கினோம். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வருடம் கார்த்திகையில், மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, என் வீட்டுக்காரர் டிரெய்லரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கினார். மேலே பார்த்தால் பாதை காய்ந்த மாதிரிதான் இருந்தது. இறக்கத்தின் நடுவில் வேகம் கூடுகிறது என்று கியரைக் குறைக்கலாம் என்று கிளட்சை மிதித்திருக்கிறார். அவ்வளவுதான், கியர் விழவே இல்லை. வண்டி எஞ்சினின் பிடிப்பிலிருந்து விட்டுப்போய் உருள ஆரம்பித்தது, பிரேக் பிடித்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைத் திருப்பிவிட்டது. கீழ்ப்பக்கம் போயிருந்தால் அவர் இன்று இல்லை. மேட்டுப் பக்கம் திரும்பி மண்ணில் முட்டி நின்றது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து ஏழு மாதம் படுக்கை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவர் கால் மட்கார்டுக்கும் மண்சுவருக்கும் நடுவில் இருந்தது, பின் சக்கரம் ஒன்று இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சக்கரம் இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், எந்த வண்டி வாங்கினாலும் இறக்கத்தின் உச்சியிலேயே கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள், நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள். எந்த கியரில் அந்த ஏற்றம் ஏறுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

இப்போது எங்களிடம் டிராக்டர் இல்லை. ஒரு பவர் வீடர் (பின்னால் நடந்தே ஓட்டுகிற சின்னக் களை இயந்திரம்) இருக்கிறது, அதை நானே ஓட்டுகிறேன். சரிவான வாழைக்கு அதுதான் போகும். அடுக்கு உழவுக்கு வருடத்தில் மூன்று நாள் வாடகை வண்டி வருகிறது. வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்கு வண்டி இருக்கிறது, உழவன் செயலியில் பாருங்கள், ஆனால் நமக்கு ஈரம் பதமாக இருக்கிற அன்றைக்கே எல்லோருக்கும் பதமாக இருக்கும், கேட்ட நாளில் கிடைக்காது. இரண்டரை ஏக்கர் அடுக்குக்கு மட்டும் என்றால் வாங்கவே வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள். பாதைக்குச் சுமை இழுக்கத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், நல்ல ஃபோர்வீலாக வாங்குங்கள்.

கோத்தகிரி_கேரட்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அண்ணன் இப்போது நடக்கிறார் அல்லவா?

தம்பி, பாதையைச் சமமாக்கலாம் என்று ஜேசிபி கூப்பிட்டுவிடாதீர்கள். அரசின் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிற கிராமமாக இருந்தால் மண் வெட்டும் இயந்திரத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் கிராமம் அதில் இருக்கிறதா என்று விஏஓவிடம் கேட்டுவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

சிறுமலை_வாழை

நடக்கிறார் தம்பி. லேசாகச் சாய்ந்து நடக்கிறார். கேட்டதற்கு நன்றி.

பெரும்பாறை_தோட்டம்

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 15 ஹெச்பி பேச்சு அதோடு எங்கள் வீட்டில் முடிந்தது.

நேற்றும் இன்றும் அளந்தேன். பாதையில் குறுகலான இடம் ஐந்தடி இரண்டு அங்குலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பலா மரம். மரத்தை வெட்ட அம்மா விடமாட்டார், எனக்கும் மனசில்லை. அடுக்குகளில் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு அடி, இரண்டு அடுக்கு மட்டும் பதினொரு அடி. வாழை நிலம் முழுவதும் சரிவுதான்.

சரிவை எப்படி அளப்பது என்று தெரியாமல் இப்படிச் செய்தேன்: சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு ரீப்பர் கட்டை வெட்டி, அதன் மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, மேல் முனையைத் தரையில் ஊன்றிக் கட்டையைச் சமமாகப் பிடித்துக்கொண்டு, கீழ் முனையிலிருந்து தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று தங்கை டேப்பால் அளந்தாள். பாதையில் பெரும்பாலும் 14, 15 சென்டிமீட்டர். அந்த ஏற்றத்தில் மட்டும் பதினெட்டு மீட்டர் தூரத்துக்கு 26, 27 வருகிறது. வாழையில் 35, 38 எல்லாம் வருகிறது. இது எவ்வளவு டிகிரி, வண்டி போகுமா?

பட்டறைக்காரன்_வத்தலக்குண்டு

அளந்த விதம் ரொம்பச் சரி. மீட்டருக்கு 14, 15 என்றால் எட்டு டிகிரி, அது ஒன்றும் இல்லை. 27 என்றால் 15 டிகிரி. நேராக ஏறி நேராக இறங்கினால் ஃபோர்வீல் போகும், தரை காய்ந்திருக்க வேண்டும், டிரெய்லரில் சுமை குறைவாக இருக்க வேண்டும். வாழையில் 36-ஐத் தாண்டினால் 20 டிகிரிக்கு மேல். அங்கே டிராக்டர் போகவே கூடாது, எந்த ஹெச்பியாக இருந்தாலும் சரி, யார் ஓட்டிக் காட்டினாலும் சரி.

இது நேராகப் போகிற கணக்கு. குறுக்காகப் போகிற கணக்கு வேறு. மீட்டருக்கு 17, 18 சென்டிமீட்டர், அதாவது 10 டிகிரி, அதற்கு மேல் நான் குறுக்கே ஓட்ட மாட்டேன். குறுகலான வண்டிக்கு இது இன்னும் முக்கியம். கோத்தகிரி அண்ணன் குறுகலான வண்டி நல்லது என்கிறார், அடுக்குக்குள் அது உண்மை, ஆனால் சரிவில் குறுக்கே போகும்போது சக்கர அகலம் குறைந்த வண்டி சீக்கிரம் கவிழும். கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு எலி வளையில் இறங்கினாலும், மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலும் அந்தப் பத்து ஒரே நொடியில் பதினாறாகிவிடும்.

உங்களுக்கு 24 ஹெச்பி ஃபோர்வீல் என்று தெளிவாகச் சொல்வேன். பலா மரத்தடியில் இரண்டு பக்கமும் அரையடியாவது இடைவெளி வேண்டும், அப்படியானால் வண்டியும் டிரெய்லரும் நாலடி இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். டிரெய்லர் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள், நிறையப் பேர் வண்டியை அளந்துவிட்டு டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். நாலடி ரொட்டவேட்டர் போதும். டயரின் வெளி அகலம் ரொட்டவேட்டரை விடக் கூடினால் டயர் தடம் உழாமல் அப்படியே நிற்கும், அதையும் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பின் டயரில் வால்வு மட்டம் வரை தண்ணீர் ஏற்றுங்கள், முக்கால் டயர் நிறையும். எடை கீழேயே நிற்பதால் வண்டி தரையைப் பிடித்துக்கொள்ளும். அடுக்கில் உழும்போது அந்த எடை வேண்டாம் என்று நினைத்தால் இறக்கிவிடலாம், சிரமம்தான், ஆனால் செய்யலாம். முன்னால் பம்பர் வெயிட் கண்டிப்பாகப் போடுங்கள். ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு அந்த 27 ஏற்றத்தில் ஏறினால் முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பேசாது. ரொட்டவேட்டர் மாட்டியிருந்தால் அந்த இடத்தில் பின்பக்கமாக ஏறுங்கள்.

சில்வர் ஓக் மரம் இழுக்கும்போது சங்கிலியைக் கீழே டிராபாரில் (டிரெய்லர் மாட்டுகிற தாழ்ந்த கம்பி) மட்டும் மாட்டுங்கள். கருவி மாட்டுகிற மேல் கம்பியான டாப் லிங்கில் மாட்டி இழுத்தால் மரம் எங்காவது சிக்கியதும் வண்டி முன்னால் எழுந்து ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

சேர்வராயன்_காபி

அளவைப் பார்த்தபிறகு நானும் 24 என்றுதான் சொல்வேன். ஐந்தடி இரண்டு அங்குலத்தில் என் 28-ஐ டிரெய்லரோடு கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை.

டிரெய்லர் சின்னதாகவே வாங்குங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் சுமையும் டிரெய்லரும் சேர்ந்து டிராக்டரின் எடையைத் தாண்டக் கூடாது, உங்கள் இறக்கத்துக்கு அதிலும் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நடை போக வேண்டிய இடத்தில் எட்டு நடை போனால் போகட்டும். அந்தப் பதினெட்டு மீட்டருக்கு மட்டும் இரண்டு சக்கரத் தடத்திலும் கல் பதித்துவிடுங்கள், உங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. கான்கிரீட் வழவழப்பாகப் போட்டால் பாசி பிடிக்கும், கல்லைக் கரடுமுரடாக விட்டால் பிடிப்பு இருக்கும். பக்கத்தில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். வண்டிக்குக் கூடுதலாகப் போட நினைத்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை இங்கே போடுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன்பே பதிய வேண்டும், பில் போட்டபிறகு போனால் ஒன்றும் கிடைக்காது. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆறரை ஏக்கரும் ஒரே பட்டாவில் அப்பா பெயரில் இருந்தால் சிறு விவசாயியில் வராது. அம்மா பெயரில் தனிப் பட்டா ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவர் பெயரில் பதியுங்கள். ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெரும்பாறை_தோட்டம்

இரண்டு ஏக்கர் அம்மா பெயரில் தனிப் பட்டா இருக்கிறது, பாட்டி எழுதிக் கொடுத்தது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

24 ஹெச்பி ஃபோர்வீல் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கம்பெனியிலும் டெமோவுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒருவர் மேலே கொண்டுவருகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டார், இன்னொருவர் இன்னும் பதில் சொல்லவில்லை. வாழைக்குப் பவர் வீடர் தனியாக. அக்கா, நீங்கள் ஓட்டுகிற வீடர் எத்தனை ஹெச்பி, பெட்ரோலா டீசலா, ஒரு ஆள் தூக்கித் திருப்ப முடியுமா என்று சொல்ல முடியுமா? தங்கையும் ஓட்டுவேன் என்கிறாள்.

கல் பதிக்கிற வேலையை வண்டி வருவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். இன்று காலையிலேயே கடப்பாரையோடு அந்த ஏற்றத்துக்குப் போய்விட்டார்.

சிறுமலை_வாழை

பெட்ரோல், 7 ஹெச்பி. நான் ஒருத்தியே திருப்புகிறேன். பின்னால் போகிற கியர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாத வீடரை வாழைக்கு நடுவில் இழுத்துத் திருப்பித் திருப்பித் தோள் போய்விடும். பெரிய சரிவில் மேலிருந்து கீழே ஓட்டாமல் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள், வீடருக்கு அதுதான் முறை, இல்லையென்றால் ஓட்டுகிறவர் மேலேயே வந்து நிற்கும், மழையில் மண்ணும் அந்தத் தடத்திலேயே அரித்துப் போகும். தங்கை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டட்டும், செருப்போடு வேண்டாம். அப்பாவைக் கடப்பாரையை வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.